கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றவள் பார்த்த ‘பேட் கிராண்ட்பா’

டர்பனில் ஒரு கூரியர் கடை கவுண்டரில் 19 வருஷம் நின்றிருக்கிறேன். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே ஜோஹானஸ்பர்க்குக்கும் கேப் டவுனுக்கும் பலகாரப் பெட்டி அனுப்புகிற அம்மாக்களின் வரிசை வாசலைத் தாண்டிவிடும். ஊறுகாய் பாட்டில் இருக்கிறதா, எண்ணெய் கசியுமா, மூடியில் டேப் சுற்றியாச்சா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுத்தான் தராசில் ஏற்றுவேன். ஒரு தடவை ஒரு பெட்டியைத் தூக்கினால் உள்ளே ‘டிக் டிக்’ என்றது. பிரிக்கச் சொன்னேன். பேரனுக்காக வாங்கிய அலாரம் கடிகாரம். பிரிக்கும்வரை என் உள்ளங்கை வேர்த்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

‘ஜாக்அஸ் பிரெசென்ட்ஸ்: பேட் கிராண்ட்பா’ படத்தில் ஒரு கிழவர் எட்டு வயசுப் பேரனை அட்டைப் பெட்டிக்குள் உட்கார வைத்து, பார்சலில் போடச் சொல்லி ஒரு கடைக்கு வருகிறார். அந்தக் காட்சி வந்ததும் பக்கத்தில் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கவுண்டரில் நிற்கிற பெண்கள் நடிகைகள் இல்லை. கேமரா இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. பெட்டிக்குள்ளிருந்து பையன் குரல் கேட்டதும் அவர்கள் முகம் போகிற போக்கு எனக்கு அப்படியே தெரியும். இது விளையாட்டா, நிஜமா, நிஜமாக இருந்தால் நாம் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்று கேள்வியும் ஒரே நொடியில் வந்து நிற்கும். அவர்கள் அந்தப் பெட்டியை அனுப்பவில்லை. அந்த இடத்திலேயே இந்தப் படத்தின்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

படம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். 2000-இல் எம்டிவியில் தொடங்கிய ‘ஜாக்அஸ்’ தொடரை எங்கள் வீதிப் பையன்கள் எல்லோருக்கும் தெரியும். ஷாப்பிங் டிராலியில் ஏறி மோதிக்கொள்வது, மாட்டு முன்னால் போய் நிற்பது, இதுதான் அது. அதில் ஜானி நாக்ஸ்வில் அவ்வப்போது போட்ட கிழவன் வேஷம்தான் ஏர்விங் ஜிஸ்மன். 2013-இல் இயக்குநர் ஜெஃப் டிரமைன் அந்தக் கிழவனுக்கு ஒரு கதை கட்டிக் கொடுத்தார். மனைவி செத்துப்போகிறாள். மகள் ஜெயிலுக்குத் திரும்புகிறாள். பேரன் பில்லியை அமெரிக்காவின் நடுவிலிருந்து வட கரோலினாவில் இருக்கும் அப்பனிடம் காரில் கொண்டுபோய் விட வேண்டும். கதை அவ்வளவுதான். வழியில் எதிர்ப்படுகிறவர்களில் பெரும்பாலோர் உண்மையான ஜனங்கள்.

42 வயசு மனுஷனை 86 வயசுக் கிழவனாக்கிய மேக்கப்புக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. என் மாமியாருக்கு வயசு 79. கிழவனின் கழுத்துச் சுருக்கத்தையும் புறங்கையில் இருக்கும் புள்ளிகளையும் பார்த்துவிட்டு, “இவன் நெஜமாவே கெழவன்தான், என்னை ஏமாத்தாத” என்றார். அதற்கு மேல் அந்த மேக்கப்புக்கு என்ன சான்றிதழ் வேண்டும்!

ஆனால் படம் முழுக்க இப்படி இல்லை. ஆரம்பத்தில் மனைவியின் இறுதிச் சடங்கு நடக்கிறது. நிஜமான சாவு என்று நம்பி ஜனங்கள் வந்து உட்கார்ந்திருக்கும்போது சவப்பெட்டி சாய்ந்து உடல் வெளியே விழுகிறது. பொம்மைதான், ஆனால் அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியாதே. மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “செத்தவங்கள வச்சு வெளையாடக் கூடாது ஆயி” என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் மனசைத் திறந்து வைத்துக்கொண்டு வருகிறார்கள், அங்கே கை வைக்கக் கூடாது. ஆண்கள் ஆடைகளைக் களைந்து ஆடுகிற கிளப்புக்குள் கிழவன் போகிற காட்சி வெறும் அசிங்கம், நீளமும் அதிகம். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்தப் படத்தைப் போடவே போடாதீர்கள்.

பாதிக்கு மேல் போயிருக்கும், லோட் ஷெடிங் என்று எங்கள் ஊரில் சொல்கிற மின்வெட்டு வந்துவிட்டது. நாங்கள் இருக்கிற சாட்ஸ்வொர்த் பகுதி முழுக்க இருட்டு. சார்ஜ் விளக்கை நடுவில் வைத்து, இருந்த ரொட்டியையும் பருப்பையும் சாப்பிட்டோம். மாமியார் இரண்டு தடவை கேட்டார்: “அந்தப் பையன அப்பன்கிட்ட வுட்ருவானா?” அப்பன்காரன் பிள்ளைமேல் பாசத்தால் கூப்பிடவில்லை, பிள்ளையை வைத்திருந்தால் மாசாமாசம் வரும் அரசுப் பணத்துக்காகக் கூப்பிடுகிறான் என்று படத்தில் ஏற்கெனவே காட்டியிருந்தார்கள். அதுதான் அவர் கவலை.

அந்த இருட்டில்தான் என் அப்பாவின் கதையை முதல் தடவையாக மகனிடம் சொன்னேன். தொண்ணூறுகளில், அப்பா சர்க்கரை ஆலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த நேரம். ஒரு நாள் வீட்டுக்குப் போன் வந்தது. நம்மவர்கள் பேசுகிற இங்கிலீஷைக் கேலி செய்கிற மாதிரி இழுத்து இழுத்துப் பேசிய ஒருவன், “உங்க பேர்ல ஒரு எழுத்து தப்பு, அடுத்த மாசத்துலேருந்து பென்ஷன் நின்னுடும்” என்றான். அப்பா பயந்து போனார். நம் குடும்பங்களில் பெயரைத் தப்பாக எழுதாத தாளே கிடையாது, அதனால் அது நடக்கக்கூடிய விஷயம்தான். “சார், சார்” என்று கெஞ்சினார். அந்தக் கெஞ்சலை ஒரு வானொலியில் போட்டுச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு மாசக்கணக்கில் அப்பா போனை எடுக்கவே இல்லை. மணி அடித்தால் அம்மாவைப் பார்ப்பார்.

எங்கள் நாட்டில் இந்த மாதிரி வேடிக்கை என்றாலே லியோன் ஷூஸ்டர்தான். அவரும் ரேடியோவில் ஆளை ஏமாற்றித் தொடங்கி, 1986-இல் ‘யூ மஸ்ட் பி ஜோக்கிங்!’ என்று மறைகேமராவைத் தியேட்டருக்குக் கொண்டுவந்தவர். நாங்களும் கூட்டமாகப் போய்ச் சிரித்தவர்கள்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் வெள்ளைக்காரரான அவர் முகத்தில் கறுப்பு பூசிக்கொண்டு கறுப்பர்போல் பேசியதற்கு நாடே சிரித்தது. 2020-இல் ஷோமேக்ஸ் என்ற இணையப் படத் தளம் அவருடைய சில படங்களை நீக்கியபோது, அது சரிதான் என்று எனக்குப் பட்டது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதுதான் எனக்குக் கணக்கு. ‘பேட் கிராண்ட்பா’வில் நாம் சிரிப்பது பெரும்பாலும் கிழவனைப் பார்த்துத்தான். அவனிடம் மாட்டிக்கொண்ட ஜனங்கள் நல்லவர்களாகத் தெரிகிறார்கள்.

அதற்குச் சாட்சி மறுநாள் மத்தியானம் மீதிப் படத்தைப் பார்த்தபோது கிடைத்தது. ஒரு பாரில் பேரனை அப்பனிடம் ஒப்படைக்கிற காட்சி. அப்பனாக வருகிறவர் நடிகர். ஆனால் சுற்றி இருக்கிற, தாடியும் தோல் கோட்டுமாக முரட்டு முரட்டான மோட்டார்பைக் ஆட்கள் ‘கார்டியன்ஸ் ஆஃப் த சில்ட்ரன்’ என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள். அடியும் வதையும் படுகிற பிள்ளைகளுக்குத் துணை நிற்பதே அவர்கள் வேலை. அப்பன் பிள்ளையைக் கேவலமாக நடத்துவதைப் பார்த்ததும் அவர்கள் முகம் மாறுகிறது. கிழவன் மனசு மாறித் திரும்பி வந்து பேரனைக் கேட்கும்போது, அவர்கள் அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் வந்து நிற்கிறார்கள். யாரும் வசனம் எழுதிக் கொடுக்கவில்லை. மாமியார் சோபா நுனிக்கு வந்துவிட்டார். “அந்தத் தாடிக்காரன் நல்லா இருக்கணும்” என்றார். என் மகன் சிரிப்பை நிறுத்தியிருந்தான்.

பில்லியாக வரும் ஜாக்சன் நிகோலைத் தனியாகச் சொல்ல வேண்டும். தெரு ஓரம் போகிற ஆளிடம் போய், நீங்கள் எனக்கு அப்பாவாக இருப்பீர்களா என்று முகம் மாறாமல் கேட்கிறான். எட்டு வயசில் அந்த நிதானம் எங்கிருந்து வந்ததோ. பெண் பிள்ளை வேஷத்தில் அழகிப் போட்டி மேடையில் அவன் ஆடும்போது, கீழே உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் வாயைப் பிளக்கிறார்கள். சின்னஞ்சிறு பெண்களுக்குப் பவுடர் பூசி மேடை ஏற்றுகிற அந்தப் போட்டிகளைப் பற்றி ஒரு சொற்பொழிவும் தேவைப்படவில்லை.

பார்ப்பதானால் கடைசியில் பெயர்கள் ஓடும்போது எழுந்துவிடாதீர்கள். 1948-இல் ‘கேண்டிட் கேமரா’ டிவிக்கு வந்த காலத்திலிருந்தே இந்த வேலைக்கு ஒரு வழக்கம் உண்டு. முடிவில் கேமராவைக் காட்டி, நடந்தது இதுதான் என்று சொல்லிவிடுவார்கள். இந்தப் படம் அதையெல்லாம் சேர்த்து முடிவில் வைத்திருக்கிறது. கோபத்தில் இருந்தவர்களிடம் படக்குழு போய்ச் சொல்கிறது. ஒரு கணம் விழிக்கிறார்கள், அப்புறம் தோள் தளர்ந்து சிரிக்கிறார்கள். அந்தத் தோள் தளர்வதைப் பார்க்க நான் இரண்டு தடவை பின்னால் ஓட்டினேன்.

அப்பாவிடம் அப்படி வந்து சொல்ல யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “அண்ணே, ரேடியோவுல உங்க குரல் கேட்டுச்சே” என்றார்.