இடிபட்ட ஆக்டேவியா ஆர்எஸ்ஸா, வெள்ளத்தில் நின்றதா: எதைச் சீர் பண்ணலாம்?

ஆக்டேவியா செடானின் வேகமான வகையான ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் இந்தியாவில் விற்றதே கொஞ்சம்தான். 2020-ல் வந்த 245 குதிரைத்திறன் வண்டி மொத்தமே 200. நல்லது சிக்காதபோது மனசு அடிபட்டதன் பக்கம் போகும். முன்பக்கம் இடித்தது ஒன்று, 2023 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நின்றது ஒன்று என்று இரண்டு முன்னால் நின்றால், இடித்ததையே எடுங்கள். அதன் சேதத்தை டேப் வைத்து அளந்துவிடலாம்.

ஹெட்லைட், ரேடியேட்டர், ஏசி கண்டென்சர், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் எல்லாம் பணம் கொடுத்தால் தீரும். பானெட்டும் ஃபெண்டரும் அதே காலத்துச் சாதாரண ஆக்டேவியாவிலிருந்தே பொருந்தும். பம்பர்தான் ஆர்எஸ்ஸுக்கு உரியது.

தீர்மானிக்க வேண்டியது சேசிஸ் ரெயில், அதாவது இன்ஜினுக்கு இருபுறமும் முன்னோக்கி நீளும் எஃகுச் சட்டம். பம்பருக்குப் பின்னால் உள்ள குறுக்குச் சட்டமும் மோதலில் நசுங்கி அடியை வாங்கும் இரண்டு கிரஷ் பாக்ஸும் போல்ட்டில் நிற்பவை. நசுங்கினால் கழற்றிப் புதிது மாட்டலாம். அவற்றின் பின்னால் போகும் ரெயில் பாடியோடு வெல்டிங் ஆனது. இடது சஸ்பென்ஷன் டவரிலிருந்து (ஷாக் அப்சார்பரின் மேல்முனை நிற்கும் இடம்) வலது ரெயில் முனையின் போல்ட் ஓட்டைக்குக் குறுக்கே அளந்து, மறுபக்கமும் அதேபோல அளக்க வேண்டும். வித்தியாசம் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் ரெயில் நகர்ந்திருக்கிறது. ரெயில் பக்கவாட்டில் பெயின்ட் சுருக்கம், மூட்டில் சீலன்ட் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம் வீல் அலைன்மென்ட் கடையில் தரும் அளவுச் சீட்டு. இரண்டு பக்கக் காஸ்டரும் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு) அரை டிகிரிக்கு மேல் மாறியிருந்து, குறுக்களவு மட்டும் சரியாக வந்தால், சஸ்பென்ஷன் கைகளைத் தாங்கும் கீழ்ச் சட்டமான சப்ஃப்ரேம் நகர்ந்திருக்கலாம். அதைத் தளர்த்தி நடுவில் வைத்து இறுக்கினால் போதும். டிங்கரிங் கடைக்காரர் பெரிய பில் போட விடாதீர்கள்.

கதவு இடைவெளி மேலும் கீழும் மாறுபட்டால் வண்டியை விட்டுவிடுங்கள். முன்கண்ணாடியின் இருபுறமும் நிற்கும் தூணான ஏ-பில்லர் வளைந்திருக்கலாம். அது சூட்டில் அழுத்திய எஃகு. கேஸ் வைத்துக் காய்ச்சி நிமிர்த்தினால் பார்வைக்கு நேராகும், பலம் போய்விடும். அடுத்த மோதலில் உள்ளே இருப்பவர்தான் அதற்கு விலை கொடுப்பார்.

ஏர்பேக் வெடித்திருந்தால் பேக், மோதலில் சீட் பெல்ட்டை இறுக்கும் பிரிடென்ஷனர், இரண்டையும் இயக்கும் மாடியூல் மூன்றுக்கும் பார்ட் நம்பரோடு கொட்டேஷன் வாங்குங்கள். பேக் இல்லாமல் ரெசிஸ்டர் சொருகி ஏர்பேக் எச்சரிக்கை விளக்கை அணைக்கும் வேலையும் நடக்கிறது. ஸ்கேனரில் அது மாட்டாது, மூடியைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

வெள்ள வண்டிக்கு இப்படி ஒரு அளவுகோல் கிடையாது. ஏர்பேக் மாடியூல் முன் சீட்டுகளுக்கு நடுவே தரையில் ஓடும் டனலில் இருக்கிறது, வயரிங் கார்பெட்டுக்குக் கீழே ஓடுகிறது. தண்ணீர் வடிந்து மாதங்கள் கழித்து கனெக்டர் பின்களில் பச்சைக் களிம்பு பூக்கும். ஒன்றைத் துடைத்தால் இன்னொன்று கிளம்பும். இன்ஜினுக்குள் தண்ணீரோடு ஸ்டார்ட் செய்திருந்தால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடும் வளைந்திருக்கலாம். ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறைவது அதன் அடையாளம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கோட்டைத் தேடுங்கள், ஸ்டெப்னி குழியையும் பாருங்கள். கார்பெட் மட்டத்துக்குக் கீழே தண்ணீர் நின்றவற்றில் சில தப்பியதுண்டு, ஆனால் எது தப்பும் என்று வாங்கும்போது சொல்ல வழியில்லை.

பேப்பரையும் பாருங்கள். சீர்செய்யும் செலவு ஐடிவியில் (பாலிசியில் வண்டிக்குப் போட்ட மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்ஷூரன்ஸ்காரர்கள் டோட்டல் லாஸ் என்று கணக்கை முடிப்பார்கள். ஆர்சி ஆக்டிவாக இருக்கிறதா, ஹைப்பாதிகேஷன் (கடன் கொடுத்தவரின் அடமானப் பதிவு) நீங்கியதா என்று அரசின் பரிவாஹன் தளத்தில் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

வேலை முடிந்ததும் ஏற்காடு ஏறுங்கள். 20 கொண்டை ஊசி வளைவிலும் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது டொக் சத்தம் வந்தால் சப்ஃப்ரேம் போல்ட்டையும் டிரைவ் ஷாஃப்ட்டையும் பாருங்கள். ஏறும்போது உஸ்ஸென்று காற்று கசிந்து இழுவை குறைந்தால் இன்டர்கூலர் ஹோஸ் கிளாம்ப். இறக்கத்தில் பிரேக் மிதித்ததும் ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட் கடைக்குத் திரும்பிப் போங்கள். பனி இறங்கும் ஒரு இரவு மேலேயே நிறுத்தி, காலையில் இக்னிஷன் போட்டு எந்த விளக்கு அணையாமல் நிற்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.