அழிப்பதற்காகவே கட்டப்பட்ட உலகங்கள்: டிசி மல்டிவெர்ஸ் தொகுப்புகள் குறித்து ஒரு மதிப்புரை

அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனமான டிசியின் முக்கியமான மல்டிவெர்ஸ் கதைகள், அதாவது ஒரே நாயகர்கள் பல இணை உலகங்களில் வெவ்வேறாக வாழும் கதைகள், தொகுப்பு நூல்களாகவும் மின்னிதழ்களாகவும் வெளிவந்திருக்கின்றன. ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ தொடங்கி 2024இல் வந்த ‘அப்சல்யூட்’ வரிசை வரை அவற்றை அடுத்தடுத்து வாசிப்பவருக்கு மிஞ்சுவது வியப்பைவிட ஆதங்கமே. ஒரே மனிதன் வேறொரு சூழலில் பிறந்திருந்தால் என்னவாகியிருப்பான் என்ற கேள்வியைக் கேட்க, பல உலகங்கள் என்பதைவிட வசதியான ஏற்பாடு ஒரு கதைத்தொடருக்கு வாய்ப்பது அரிது. ஆனால் அந்த ஏற்பாட்டை இந்நிறுவனம் கதை சொல்வதற்குப் பயன்படுத்தியதைவிடப் பழைய கணக்கை நேர்செய்வதற்கே அதிகம் பயன்படுத்தியிருக்கிறது.

தொடக்கம் அப்படி இருக்கவில்லை. 1961ஆம் ஆண்டு ‘தி ஃப்ளாஷ்’ 123ஆம் இதழில், குழந்தைகளுக்கான ஒரு நிகழ்ச்சியில் கயிற்று வித்தை காட்டும் அதிவேக நாயகன் ஃப்ளாஷ், அதாவது பேரி ஆலன், தன் உடலை அதிவேகமாக அதிரச் செய்கிறார். மறுகணம் வேறோர் உலகத்தில் நிற்கிறார். சிறுவயதில் காமிக்ஸில் வாசித்து ரசித்த பழைய ஃப்ளாஷ் ஜே கேரிக் அங்கே உயிரும் உடலுமாக இருக்கிறார். கார்ட்னர் ஃபாக்ஸ் எழுதி, கார்மைன் இன்ஃபன்டினோ வரைந்த இக்கதையில் பலரும் நினைவில் வைத்திருப்பது ஒரு சுவரின் இரு பக்கங்களிலும் இரண்டு ஃப்ளாஷ்களும் ஓடிவரும் அட்டைப்படத்தை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு: ஜே கேரிக் வயதானவர், மணமானவர், சாகச வாழ்க்கையிலிருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாவது உலகத்தில் காலம் நகர்ந்திருக்கிறது. முதல் உலகத்தில் அது நகரவே முடியாது, ஏனென்றால் அடுத்த மாத இதழ் விற்றாக வேண்டும்.

எர்த்-2 என்று பெயர் பெற்ற அந்த உலகம் 1970களில் இந்த வேறுபாட்டை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. அங்கே சூப்பர்மேன் நரைத்த தலையோடு ஒரு செய்தித்தாளின் ஆசிரியராக இருக்கிறார். அவருக்கும் லாயிஸ் லேனுக்கும் நடந்த திருமணம் 1978இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ 484ஆம் இதழில் சொல்லப்படுகிறது. பேட்மேன் கேட்வுமனான செலினா கைலை மணந்து, அவர்களுக்குப் பிறந்த ஹெலனா வெய்ன் 1977இல் ‘ஹன்ட்ரஸ்’ என்ற பெயரில் முகமூடி அணிகிறாள். 1979இல் அந்த உலகத்துப் பேட்மேன் இறந்தே போகிறார். மீண்டும் எழுந்து வரவில்லை. முதன்மைத் தொடரில் எந்த எழுத்தாளருக்கும் அனுமதி கிடைத்திராத நிகழ்வுகள் இவை. இங்கே மல்டிவெர்ஸ் செய்த வேலை எளிமையானது: செயலுக்கு விளைவு உண்டு என்ற சாதாரண உண்மையை, விளைவே இல்லாத ஒரு கதைத்தொடருக்குள் அது கொண்டுவந்தது. இதே வழியில் இன்னும் 20 ஆண்டுகள் போயிருந்தால் ஹெலனாவின் பிள்ளைகளையும் நாம் பார்த்திருப்போம்.

1985இல் வந்தது ‘கிரைசிஸ்’. உலகங்கள் பெருகிவிட்டன, புதிய வாசகர்கள் குழம்புகிறார்கள் என்ற காரணத்துக்காக எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுவது என்று முடிவானது. அந்த வேலையை மார்வ் வூல்ஃப்மனும் ஓவியர் ஜார்ஜ் பெரெஸும் 12 இதழ்களில் செய்து முடித்தார்கள். சிலந்தி வலையை நீக்க வீட்டையே இடித்தது போன்ற முடிவு அது. ஆனால் அந்த நூலைக் குறைத்து மதிப்பிட முடியாது. முதல் இதழின் தொடக்கப் பக்கங்களையே எடுத்துக்கொள்வோம். எர்த்-3 என்பது நன்மையும் தீமையும் இடம் மாறிய உலகம். அங்கே சூப்பர்மேனின் இணையான அல்ட்ராமேன் கொடியவன், மற்ற உலகத்தில் சூப்பர்மேனின் பெரும் எதிரியான லெக்ஸ் லூதரே இங்கே ஒரே நாயகன். தொட்டதையெல்லாம் அழிக்கும் எதிர்ப்பொருளின் வெண்சுவர் அந்த உலகத்தை விழுங்கிக்கொண்டு வருகிறது. வாழ்நாள் முழுவதும் கொள்ளையடித்த அல்ட்ராமேன், தோல்வி உறுதி என்று தெரிந்தும் அந்தச் சுவரை நோக்கிப் பறந்து அதற்குள் மறைகிறான். கீழே லூதரும் அவருடைய மனைவி லாயிஸும் தங்கள் கைக்குழந்தையை ஒரு கலத்தில் வைத்து வேறொரு உலகத்துக்கு அனுப்புகிறார்கள். சூப்பர்மேன் குழந்தையாகத் தப்பிவந்த கிரிப்டான் கோளின் அழிவு இங்கே அப்படியே மீண்டும் நிகழ்கிறது, ஆனால் தொட்டிலில் கிடப்பது லூதரின் மகன். சில பக்கங்களுக்குள் இவ்வளவும் முடிந்துவிடுகிறது. அந்த வெண்மை பக்கத்தின் கட்டங்களையே தின்பதுபோல் பெரெஸ் வரைந்திருப்பதைப் பெரிய அளவு அச்சுப் பதிப்பில் பார்க்க வேண்டும். கைபேசித் திரையில் கட்டம் கட்டமாக வாசித்தால் அவருடைய நெருக்கமான பக்க அமைப்பு சிதைந்துபோகும்.

அதே நூலின் 11ஆம் இதழில்தான் இந்த நிறுவனம் கைநழுவ விட்ட மிகப் பெரிய கதை இருக்கிறது. எல்லா உலகங்களும் ஒன்றாக இணைக்கப்பட்டுவிட்டன. எர்த்-2இன் சூப்பர்மேன் விழித்துப் பார்க்கிறார்: அவருடைய லாயிஸ் எங்கும் இல்லை. ஹெலனாவும், பேட்மேனின் இளம் துணைவனாக இருந்து வளர்ந்து ஆளான ராபினும் தங்களை யாருக்கும் தெரியாத ஓர் உலகத்தில் நிற்கிறார்கள். தந்தை பிறக்கவே இல்லாத வரலாற்றில் மகள் மட்டும் உயிரோடிருக்கிறாள். இப்படிப்பட்ட ஒருத்தி மறுநாள் காலையில் எங்கே போவாள், தன் பெயரை யாரிடம் சொல்வாள், தன் துக்கத்தை யாரோடு பகிர்ந்துகொள்வாள்? பல ஆண்டுகளுக்கு எழுதத் தக்க கரு இது. அடுத்த இதழிலேயே ஹெலனாவும் அந்த ராபினும் கொல்லப்படுகிறார்கள்; கணக்கு நேராகிவிடுகிறது. 1989இல் ஹன்ட்ரஸ் என்ற பெயர், கொலையுண்ட ஒரு மாஃபியா குடும்பத்தின் மகளுக்கு வழங்கப்படுகிறது. அழிந்த உலகங்களை மறக்க முடியாத ஒரே மனிதனாக மிஞ்சும் சைக்கோ-பைரேட் என்ற வில்லனும் மனநலக் காப்பகத்தில் அடைக்கப்படுகிறான். கிரான்ட் மாரிசன் தன் ‘அனிமல் மேன்’ கதைகளில் அவனை மீண்டும் எடுத்துக்கொண்டது ஆறுதல். அவரைத் தவிர அந்த நினைவின் சுமையைப் பொருட்படுத்தியவர்கள் மிகச் சிலரே.

அதன்பின் பழைய குருடி கதவைத் திறடி என்ற கதைதான். 1994இல் ஒரு திருத்தம், 2005இல் ஒரு பேரழிவு, 2007இல் 52 புதிய உலகங்கள், 2011இல் மீண்டும் முதலிலிருந்து தொடக்கம், 2015இலும் 2017இலும் 2020இலும் 2022இலும் அடுத்தடுத்த நெருக்கடிகள். ஒவ்வொரு முறையும் ஆபத்து ஒன்றே: எல்லா உலகங்களும் அழியப்போகின்றன. யாருடைய முகமும் தெரியாத ஒரு வானம் சிவந்து வெடிக்கும்போது வாசகர் எதற்காகக் கலங்க வேண்டும் என்ற கேள்விக்கு இவற்றில் பெரும்பாலான நூல்களில் பதில் இல்லை.

2005இல் தொடங்கிய ‘இன்ஃபினிட் கிரைசிஸ்’ மட்டும் அந்தப் பதிலுக்கு மிக அருகே போய்த் திரும்பிவிட்டது. ‘கிரைசிஸ்’ முடிவில் தன் லாயிஸோடு மீண்டும் சேர்ந்து, வேறெங்கோ ஒதுங்கிய எர்த்-2 சூப்பர்மேனை ஜெஃப் ஜான்ஸ் திரும்பக் கொண்டுவருகிறார். லாயிஸ் முதுமையில் இறந்துகொண்டிருக்கிறாள். தங்கள் உலகம் மீண்டும் உருவானால் அவள் பிழைப்பாள் என்று அந்தக் கிழவர் நம்புகிறார். ஒரு மனைவிக்காக ஓர் உலகத்தைத் திருப்பிக் கேட்பவர் நாயகரா, குற்றவாளியா? அந்தக் கேள்வியை முழுமையாகக் கேட்பதற்கு முன்பே, சூப்பர்பாய்-பிரைம் என்ற இளைஞனின் முரட்டுக் கைகலப்பில் கதை கரைந்துபோகிறது. அவன் உலகங்களுக்கு அப்பால் இருந்த ஒரு சுவரைக் குத்தியதில் ஏற்பட்ட அதிர்வால்தான் இறந்துபோன இரண்டாவது ராபின் ஜேசன் டாட் உயிர்பெற்றான் என்ற விளக்கமும் இந்தக் காலத்தில்தான் வந்தது. ஒரு சுவரைக் குத்தி ஒரு மரணத்தை நீக்கலாம் என்றால், அதன்பின் எந்த மரணத்துக்காக அழுவது?

2015இன் ‘கன்வர்ஜென்ஸ்’ இன்னும் அதிகமாகச் சினமூட்டுகிறது, ஏனென்றால் அதன் அடிப்படை அருமையானது. அழிந்த உலகங்களின் நகரங்கள் குவிமாடங்களுக்குள் சிறைவைக்கப்பட்டு, நாயகர்கள் சக்தியிழந்து ஓர் ஆண்டைக் கழித்திருக்கிறார்கள். அந்த ஓர் ஆண்டுதான் கதை. ஆனால் பெரும்பாலான இதழ்கள் குவிமாடம் திறந்து சண்டை தொடங்கும் நேரத்துக்கே விரைகின்றன. டான் ஜர்கன்ஸ் எழுதிய சூப்பர்மேன் இதழ்கள் இரண்டும் விதிவிலக்கு: லாயிஸ் கருவுற்றிருக்கிறாள், சண்டைக்கு நடுவே மகன் ஜான் பிறக்கிறான். பிறகு 2016 முதல் வந்த சூப்பர்மேன் தொடரில் அந்தச் சிறுவன் பண்ணை வீட்டில் வளர்வதுதான் இந்நிறுவனம் அண்மைக் காலத்தில் செய்த மிக இதமான காரியம். அதையும் விட்டுவைக்கவில்லை. 10 வயதுப் பையனை எர்த்-3இன் அல்ட்ராமேன் ஓர் எரிமலைக்குள் சிறைவைக்க, அவன் 17 வயதில் திரும்பி வந்தான். ஒரு குழந்தைப்பருவத்தைத் தாண்டிக் குதிப்பதற்கு மட்டுமே அந்த உலகம் பயன்பட்டது.

‘டார்க் நைட்ஸ்: மெட்டல்’ பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. வெவ்வேறு துயரங்களால் கெட்டுப்போன 7 பேட்மேன்கள் வருகிறார்கள். தனித்தனி இதழ்களில் ஒவ்வொருவருக்கும் சொல்லத் தக்க காரணம் இருக்கிறது. முதன்மைக் கதைக்குள் நுழைந்ததும் எல்லாரும் ஒரே குரலில் சிரிக்கிறார்கள். கிரெக் கபுல்லோவின் ஓவியத்துக்காகப் புரட்டலாம்.

குறை மட்டும் சொல்வது நியாயமாகாது. 2014–15இல் மாரிசன் எழுதிய ‘தி மல்டிவர்சிட்டி’ ஓர் இதழுக்கு ஓர் உலகம் என்று எடுத்துக்கொண்டு, அந்த உலகத்தின் கதை சொல்லும் முறையையே மாற்றிக் காட்டுகிறது. ஃபிராங்க் குவைட்லி வரைந்த ‘பாக்ஸ் அமெரிக்கானா’ இதழ் ஒரு குடியரசுத் தலைவரின் கொலையைப் பின்னோக்கிக் காட்டித் தொடங்குகிறது: தோட்டா திரும்புகிறது, சிதறியவை சேர்கின்றன. நாஜிகளின் மண்ணில் விழுந்து வளர்ந்த சூப்பர்மேன், தான் உதவிக் கட்டிய பேரரசின் குற்றத்தை எண்ணித் தூக்கமிழக்கும் ‘மாஸ்டர்மென்’ இதழும் அதற்குச் சளைத்ததல்ல. வழிகாட்டி இதழில் 52 உலகங்களின் பட்டியல் தரப்பட்டு, அவற்றில் 7 மட்டும் வேண்டுமென்றே அறியப்படாதவையாக விடப்பட்டன. பின்னால் வருபவர்கள் நிரப்பட்டும் என்ற அழைப்பு அது. பின்னால் வந்தவர்களோ அழைப்பை ஏற்பதைவிட அடுத்த நெருக்கடியைத் திட்டமிடுவதில் மும்முரமாக இருந்தார்கள். எர்த்-23இல் கறுப்பினத்தவரான கால்வின் எல்லிஸ் சூப்பர்மேனாகவும் அமெரிக்கக் குடியரசுத் தலைவராகவும் ஒரே நேரத்தில் இருக்கிறார். ஒரே மனிதர் இந்த இரண்டு பொறுப்புகளையும் வகித்தால் சட்டமும் வல்லமையும் எங்கே மோதும் என்று கேட்கும் ஒரு நீண்ட தொடர் இன்னும் வரவில்லை. பெருங்கூட்டக் காட்சிகளில் அவர் பறந்து வருவதோடு சரி.

இந்நிலையில், பழைய நாயகர்களைப் புதியதோர் உலகத்தில் வைத்து மீண்டும் தொடங்கும் ‘அப்சல்யூட்’ வரிசை நம்பிக்கை தருகிறது. ஸ்காட் ஸ்னைடர் எழுதி, நிக் டிராகோட்டா வரையும் ‘அப்சல்யூட் பேட்மேன்’ கதையில் புரூஸ் வெய்னுக்குச் செல்வம் இல்லை, தந்தை பள்ளி ஆசிரியர், தாய் உயிரோடிருக்கிறார். மாளிகையும் பணியாளரும் இல்லாதபோது அந்த மனிதனிடம் எஞ்சுவது என்ன என்பதைக் கதை பொறுமையாகத் தேடுகிறது. கெல்லி தாம்சனின் ‘அப்சல்யூட் வொண்டர் வுமன்’ நரகத்தில் வளர்ந்தவள். ஆயினும் அவளுடைய கருணை குன்றவில்லை. இந்த உலகத்தை அதன் போக்கில் சில ஆண்டுகள் விட்டுவைப்பார்களா என்பதுதான் என் கவலை. பல தொடர்களை ஒன்றாக இணைக்கும் கலப்புக் கதைகளின் வாடை அடிக்கத் தொடங்கினால் சந்தாவை நிறுத்திவிடலாம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ‘தி மல்டிவர்சிட்டி’ தொகுப்பை முதலில் வாங்கலாம். முழு நூலும் கனமாகத் தோன்றினால் ‘பாக்ஸ் அமெரிக்கானா’ இதழை மட்டும் தனியாக வாசித்தாலும் புரியும். ‘கிரைசிஸ்’ அச்சுப் பிரதியாக மட்டுமே வாங்கத் தக்கது; அதற்குமுன் 1970களின் ஹன்ட்ரஸ் கதைகளில் சிலவற்றையாவது வாசித்துவிட்டால் 11ஆம் இதழ் தரும் வலி பன்மடங்காகும். ‘கன்வர்ஜென்ஸ்’ முதன்மைத் தொடரை விட்டுவிட்டு ஜர்கன்ஸின் இரண்டு இதழ்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து நேராக 2016 சூப்பர்மேன் தொடருக்குப் போய்விடலாம்.