உடலைக் காட்டுவதா, விடுவதா?

போரை வரைய உட்காரும் எவரும் சிப்பாயின் உடலை என்ன செய்வது என்று யோசித்தே ஆக வேண்டும். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் இரண்டு கலைஞர்கள் நேரெதிர் வழிகளில் போனார்கள்.

ஓட்டோ டிக்ஸ் பதுங்குகுழியில் இயந்திரத் துப்பாக்கியோடு கிடந்தவர். 1924இல் வெளியிட்ட 50 அச்சோவியங்களில் அவர் எதையும் மறைக்கவில்லை. ஒரு மண்டையோட்டின் குழிகளில் புழுக்கள் நெளிகின்றன. அறுவைச் சிகிச்சையில் தோல் ஒட்டப்பட்ட ஒருவரின் முகத்தில் ஒரு பாதி முகமாகவே இல்லை. இந்த ஓவியங்களை அச்சிட உலோகத் தகட்டை அமிலத்தால் அரிப்பார்கள்; அந்த அரிப்பின் தடமே அழுகும் தசையாகத் தெரிகிறது.

கேத்தே கொல்விட்ஸ் போர்முனைக்குப் போகவில்லை, மகன் பீட்டர் போனான். வயது 18. தயங்கிய தந்தையைச் சம்மதிக்க வைத்தவர் தாய்தான். 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் இறந்தான். நினைவுச் சிற்பத்துக்கு முதலில் அவர் எண்ணியது, கிடத்திய மகனின் உடலும் தலைமாட்டில் தந்தையும் கால்மாட்டில் தாயும். அப்புறம் மகனை எடுத்தேவிட்டார். 1932இல் கல்லறைத் தோட்டத்தில் நின்றவை மண்டியிட்ட பெற்றோர் சிலைகள் மட்டுமே.

போரை வீரக்கதையாக்குபவர்களுக்கு முன்னால் டிக்ஸின் படங்களைத்தான் வைக்க வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் என்னை விடாமல் பிடித்திருப்பது கொல்விட்ஸ்தான். அந்தத் தந்தை தன்னையே இரு கைகளாலும் இறுகக் கட்டிக்கொண்டிருக்கிறார். பிடித்துக்கொள்ள வேறு உடல் இல்லை.