விண்டோஸிலேயே கட்டற்ற மென்பொருளா, மொத்தமாக லினக்ஸ் மின்டா?

என் லேப்டாப்பில் இருப்பது இன்டெலின் ஏழாம் தலைமுறை பிராசசர். விண்டோஸ் 11 அதை ஏற்காது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதுவரை பல வருடங்கள் விண்டோஸிலேயே லிப்ரெஆபிஸ் (அலுவலக வேலைக்கு), பயர்ஃபாக்ஸ் (பிரவுசர்), விஎல்சி (வீடியோவுக்கு), கிம்ப் (படம் திருத்த) என்று யாரும் இலவசமாகப் பயன்படுத்தி மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருள்களைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன், இப்போது விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற கட்டற்ற இயங்குதளம். இரண்டிலும் இருந்து பார்த்தாயிற்று, என் சாய்வு மின்ட் பக்கம்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவு, வசதி என்று பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. அதே லிப்ரெஆபிஸ்தான், அதே பயர்ஃபாக்ஸ்தான், கோப்புகளும் அப்படியே திறக்கும். விண்டோஸில் கேலிப்ரி எழுத்துருவில் அடித்த ஆவணம் மின்டில் வரிகள் இடம் மாறித் தெரிந்தால், கார்லிட்டோ எழுத்துரு இருக்கிறதா என்று பாருங்கள். கேலிப்ரியின் எழுத்துகள் எவ்வளவு அகலமோ அதே அகலத்தில் செய்தது அது, போட்டால் வரிகள் பெரும்பாலும் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

என் முடிவைத் தீர்மானித்தது அப்டேட். கேட்கச் சின்ன விஷயம்தான், ஆனால் வீட்டில் கணினியைப் பார்த்துக்கொள்பவருக்கு வருடம் முழுக்க இருக்கும் வேலை இதுதான். விண்டோஸில் ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனி வழியில் அப்டேட் ஆகும். பயர்ஃபாக்ஸ் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், நல்லது. ஆனால் கிம்ப்பும் நான் வைத்திருந்த லிப்ரெஆபிஸும் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று சொல்வதோடு சரி, அவற்றின் தளத்துக்குப் போய், முழு நிறுவியையும் இறக்கி, பழையதை மூடிவிட்டு மறுபடி நிறுவ வேண்டியது நம் வேலை. நாலைந்து மென்பொருளுக்கு இதைச் செய்யும்போது சலிப்பு வந்து, சரி அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டுவிடுவோம், பாதுகாப்பு ஓட்டையும் அதோடு அப்படியே கிடக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு: ஒருமுறை அவசரத்தில் தேடலில் முதலில் வந்த விளம்பரத்தைச் சொடுக்கி, அசல் தளம் போலவே இருந்த வேறொன்றிலிருந்து இறக்கிவிட்டேன், பிரவுசரின் முகப்பே மாறிப்போய், அதைச் சுத்தம் செய்ய ஒரு மாலை போனது.

மின்டில் இந்தத் தேடலே கிடையாது. மென்பொருள் மேலாளரில் பெயரைத் தட்டினால் டிஜிட்டல் கையொப்பம் சரிபார்க்கப்பட்ட நிறுவல் தொகுப்பு வந்து இறங்கும், அப்புறம் அப்டேட் மேலாளர் இயங்குதளம், பிரவுசர், அலுவலக மென்பொருள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் காட்டும். ஒரு பொத்தான், கடவுச்சொல், முடிந்தது. கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) மாறினால் மறுதொடக்கம் செய்யச் சொல்லும், ஆனால் நடுவேலையில் தானாக அணைந்து எழாது. இயங்குதளத்தின் நிலையைச் சேமித்துவைக்கும் டைம்ஷிப்ட் என்ற கருவியை முன்கூட்டியே அமைத்துவைத்தால், ஓர் அப்டேட் எதையாவது கெடுத்தாலும் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். அது காப்பது இயங்குதளத்தைத்தான், உங்கள் புகைப்படங்களை அல்ல. அவற்றுக்குத் தனி பேக்கப் வேண்டும்.

இந்த ஒழுங்குக்கும் ஒரு விலை இருக்கிறது. மின்ட் 22 உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளத்தின் மேல் நிற்பது, ஆதரவு 2029 வரை. அதனால் களஞ்சியத்தில், அதாவது மென்பொருள் மேலாளர் தொகுப்புகளை எடுக்கும் இடத்தில், இருக்கும் பதிப்புகளில் பெரும்பாலானவை பழசாகவே இருக்கும். 2025-இல் கிம்ப் 3 வந்தபோது களஞ்சியத்தில் 2.10 தான் இருந்தது. புதியது வேண்டுமென்றால் பிளாட்பேக் (மென்பொருளைத் தனக்குத் தேவையானவற்றோடு சேர்த்தே தரும் தொகுப்பு முறை) வழியாகப் போடலாம், ஆனால் அது வட்டில் நிறையவே இடம் எடுக்கும். மென்பொருளை உருவாக்கியவர்களே வெளியிட்டது என்று சரிபார்க்கப்படாத பிளாட்பேக்குகளை மின்ட் 22 இயல்பாகக் காட்டாது. அந்த முன்னெச்சரிக்கை எனக்குப் பிடித்திருக்கிறது.

விண்டோஸ் பக்கமும் நியாயம் உண்டு. போட்டோஷாப் போல ஒன்றை நம்பிப் பிழைப்பவர் மாற வேண்டாம், வின்கெட் என்ற கட்டளைக் கருவியைக் கற்றுக்கொண்டால் மேலே சொன்ன அப்டேட் தொல்லையில் பெரும்பகுதி குறையும். நான் அதைச் சில வாரங்கள்தான் பயன்படுத்தினேன், நீண்டகாலத்துக்கு எப்படி என்று அடித்துச் சொல்ல மாட்டேன். விளையாட்டுகளிலும் என் அனுபவம் குறைவு, ஆனால் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளோடு வரும் சில ஆன்லைன் விளையாட்டுகள் லினக்ஸில் ஓடாது, அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வன்பொருளில் நான் இழந்தது ஒரு பழைய ஸ்கேனர். அதற்கு லினக்ஸ் டிரைவரே கிடையாது, இப்போது ஸ்கேன் எல்லாம் போனில்தான். மின்டை நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். நான் அப்போது வைஃபையையும் ஒலியையும் மட்டும் பார்த்துவிட்டு நிறுவிவிட்டேன். நீங்கள் பிரிண்டர், ஸ்கேனர், வெப்கேம் என்று வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்துவிட்டு நிறுவுங்கள்.