என்ஹெச்எல் 3.5 சுண்ணாம்பு: பழைய வளைவுப் பாலத்துக்கு வாங்கலாமா?

தொண்டி முதல் மண்டபம் வரை உப்புக்காற்றில் நிற்கும் செங்கல் வளைவுப் பாலங்களைப் பழுது பார்ப்பவர்களுக்கு: பாயிண்டிங் (செங்கல் இடைவெளி மூட்டுகளில் புதுச் சாந்து திணிப்பது), கிரவுட்டிங் (உள்ளே உள்ள பொந்துகளில் நீர்த்த சாந்தை அழுத்தி ஏற்றுவது) இரண்டுக்கும் தண்ணீரில் இறுகும் இந்தச் சுண்ணாம்பைத் (நேச்சுரல் ஹைட்ராலிக் லைம், சுருக்கமாக என்ஹெச்எல்) தாராளமாக வாங்கலாம். அகலப்படுத்தும் வேலையில் இதை நம்ப வேண்டாம்.

3.5 என்பது 28 நாளில் வரவேண்டிய குறைந்தபட்ச அமுக்க வலு, சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டன் கணக்கில். சிமென்ட் பக்கத்தில் வைத்தால் சோனிதான். இங்கே அதுதான் லாபம். சிமென்ட் மூட்டு ஈரத்தை வெளியே விடாது. ஈரம் செங்கல் வழியே வெளியேற, உப்பு அதன் முகத்தில் பூத்துப் பொரிந்து உதிரும். பாலத்தின் அடிப்பக்கத்தில் செங்கல் குழிந்து, சிமென்ட் கோடுகள் மட்டும் வரப்பு மாதிரி துருத்தி நிற்பது இதனால்தான்.

ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரைப் பங்கு கழுவிய ஆற்று மணல். கடல் மணல் கூடவே கூடாது. மூட்டு அகலத்தைப் போல இரு மடங்கு, குறைந்தது 25 மி.மீ. ஆழத்துக்குப் பழைய சாந்தைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் நனைத்துத் திணிக்க வேண்டும். ஒரு வாரமாவது ஈரச்சாக்கு தொங்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றில் மேல்தோல் காய்ந்து உள்ளே மாவாகவே கிடக்கும். நகத்தால் கீறினால் தெரிந்துவிடும். பழக்கத்தில் சில கொத்தனார்கள் கருப்பட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். இந்தச் சரக்குக்கு வேண்டாம், இறுகுவது தள்ளிப்போகும்.

கிரவுட்டை வளைவின் இரு கால்களிலிருந்தும் மாறி மாறி, கீழிருந்து உச்சிக்கு, ஒரு பார் (ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) அளவு அழுத்தத்தில் ஏற்றுங்கள். அடுத்த துளையில் சுண்ணாம்புப் பால் வழிந்ததும் அடைத்துவிட்டு மேலே போகலாம். அவசரப்பட்டு அழுத்தத்தைக் கூட்டினால் பக்கச்சுவர் வெளியே தள்ளும். வடிகால் துளைகளில் முன்பே குழாய் சொருகாவிட்டால் அவையும் அடைபடும், பிறகு மழைநீர் வளைவின் மேலுள்ள மண்ணிலேயே தேங்கும்.

அகலப்படுத்தும்போது பக்கத்தில் வரும் புதுக் கான்கிரீட் தன் அடித்தளத்தில் தனியாக அமரும். பழைய கட்டுமானத்தோடு எதைப் பூசி ஒட்டினாலும் சாலையில் நீளவாக்கில் வெடிப்பு விழும். அங்கே நீர் புகாத நெகிழ்வு மூட்டுதான் வேண்டும். வளைவின் மேல் கான்கிரீட் போர்வை போடுவதானால், மண்ணை இரு பக்கமும் சமமாக அள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் வளைவு வடிவம் மாறி விரிசல் விடும்.

இதில் ஒரே குறை, விலைதான்: சிமென்ட்டைப் போலப் பல மடங்கு. கடலோர கோடவுனில் ஈரம் குடித்துக் கட்டி தட்டிய மூட்டையை அரை விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள்.