குழந்தைத் தலைக்கு ஹெல்மட் என்று 78,500 ரூபாயை விழுங்கிவிட்டார்கள் – யாரும் ஏமாறாதீங்க

இன்று காலை ஆறரை மணிக்கு மனைவி போனைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டினாள். "என்னங்க, இது நம்ம பையன் தலைதானே?"

பேஸ்புக் விளம்பரம். ஒரு பக்கம் 'முன்' என்று ஒரு படம், மறு பக்கம் 'பின்' என்று ஒரு படம். 'பின்'னில் இருப்பது யார் பெற்ற பிள்ளையோ, தலை உருண்டையாக அழகாக இருக்கிறது. 'முன்'னில் இருப்பது எங்கள் மகன். அடியில் மடித்து விரித்திருந்த அவளுடைய பச்சைச் சேலையின் கரைகூட அப்படியே தெரிகிறது. நான் என் கையால் எடுத்து அனுப்பிய படம். தட்டைத் தலையைச் சரியாக்கும் ஹெல்மட் என்று எங்களிடம் 78,500 ரூபாய் வாங்கிக்கொண்டு என் நம்பரையும் புளொக் பண்ணியவர்கள், இப்போது என் பிள்ளையின் தலையைக் காட்டி அடுத்த ஆளைப் பிடிக்கிறார்கள்.

கை நடுங்க நடுங்க எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயரைப் போட்டால் வழக்கு அது இது என்று இழுப்பார்கள் என்று தெரிந்த ஒருவர் சொன்னார். சரி, போடவில்லை. குழந்தைச் சாமான் விற்கும் ஒரு ஒன்லைன் கடை. பேஸ்புக் பக்கமும் ஒரு வட்ஸ்அப் நம்பரும்தான் அதன் முகவரி. என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது என்பதையெல்லாம் கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நான் ஹட்டன் டவுனில் ஒரு கொமினிகேஷனில் வேலை செய்கிறேன். போட்டோ கொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஒன்லைன் விண்ணப்பம் இவைதான் வேலை. தோட்டத்து ஆட்கள் வந்து "தம்பி, லொத்தர் விழுந்திருக்குன்னு மெசேஜ் வந்திருக்கு, உண்மையா?" என்று போனை நீட்டுவார்கள். "பொய் அக்கா, அஞ்சு சதமும் போட்டுறாதீங்க" என்று சொல்லி அனுப்புகிறவன் நான். அப்படிப்பட்ட நானே 78,500 ரூபாயைக் கொண்டுபோய்க் கொட்டினேன்.

மகனுக்கு மூன்று மாதம் இருக்கும்போதே பின்னந்தலை வலது பக்கம் தட்டையாக இருந்தது. குளிப்பாட்டி மேலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். தலை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்ட மாதிரி, வலது காது கொஞ்சம் முன்னுக்கு வந்த மாதிரி. நாலாம் மாத ஊசிக்குப் போனபோது மிட்வைஃப் அக்கா சொன்னார்: "ஒரே பக்கம் படுக்க விடாதீங்க. முழிச்சிருக்கும்போது குப்புறப் போடுங்க." நாங்களும் தலையாட்டிவிட்டு வந்தோம். இலவசமாகக் கிடைத்த புத்தி, காதில் நிற்கவில்லை. அம்மாவோ, "தானா உருண்டுரும்டா, ஒந்தலையும் இப்புடித்தான் இருந்துச்சு" என்றார்.

அப்புறம் ஒரு காதுகுத்துக்குப் போனோம். கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு சொந்தக்காரர் எல்லோர் முன்னாலும், "இதென்ன, புள்ளைக்குத் தலை கோணலா இருக்கு? காட்டலையா?" என்று கேட்டார். மனைவி அன்று சோறு சாப்பிடவில்லை. இரவு அவள் தூங்கியபின் போனில் தேட ஆரம்பித்தேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் பூப்போட்ட ஹெல்மட்டோடு சிரிக்கும் படங்கள். ஒருதரம் தேடினால் போதுமே, மறுநாளே அந்தக் கடையின் விளம்பரம் என் போனுக்கு வந்துவிட்டது.

நான் விழுந்தது எங்கே என்றால் ஒரு குரல் பதிவில்தான். இரவு பத்து மணிக்கு மெசேஜ் போட்டேன், பத்தேகாலுக்குப் பதில் வந்தது. ஒரு பெண், அதுவும் நம்ம ஊர்ப் பேச்சில். "அண்ணே, பயப்படாதீங்க. நானும் டிக்கோயாப் பக்கம்தான். எம்மகனுக்கும் இதே மாதிரி இருந்துச்சு, இப்ப பாத்தா யாருக்குமே தெரியாது. தம்பிக்கு என்ன பேரு?" பேரைச் சொன்னேன். அடுத்த பதிவிலிருந்து என் மகனைப் பேர் சொல்லித்தான் பேசினாள். டிக்கோயாவில் எந்தத் தோட்டம் என்று கேட்டதற்கு, "சின்ன வயசுலயே கொழும்புக்கு வந்துட்டோம் அண்ணே" என்றாள். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது? கொழும்புக் கடை என்றால் பாதி நாள் நமக்குப் புரியாத பாஷையில் அதட்டுவார்கள். ஒருத்தி "அண்ணே" என்றதும் மனசு இளகிவிட்டது.

தலையை ஈரமாக்கி மேலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னாள், டேப்பால் சுற்றளவும் எடுக்கச் சொன்னாள். 42.5 சென்டிமீற்றர் என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் 'ரிப்போர்ட்' வந்தது. என் மகன் தலைமேல் குறுக்கும் நெடுக்கும் சிவப்புக் கோடு, 'வித்தியாசம் 14 மில்லிமீற்றர் – கடுமை' என்று தடித்த எழுத்து. கீழே, ஆறு மாதம் தாண்டினால் மண்டை இறுகிவிடும், முகம் கோணும், மூளை வளர்ச்சி பாதிக்கும் என்று மூன்று வரி. மனைவி அதைப் படித்துவிட்டு அழுதாள்.

பாஸ்போர்ட் போட்டோ எடுத்துப் பிழைக்கிறவன் நான். போனை எவ்வளவு தூரத்தில் பிடித்தேன், எந்தச் சாய்வில் பிடித்தேன் என்று தெரியாமல் ஒரு படத்தை வைத்து மில்லிமீற்றர் சொல்ல முடியுமா? அடுத்தவன் காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பேன். சொந்தப் பிள்ளை என்றதும் மூளை மழுங்கிவிட்டது.

முற்பணம் 40,000, அனுப்புவதற்கு முன் மிச்சம் 38,500. சீட்டை இழப்புக்கு எடுத்து முதல் தொகையைக் கட்டினேன். மனைவியின் வளையலை அடகு வைத்து மற்றதைக் கட்டினேன். கணக்கு கடையின் பெயரில் இல்லை, ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. "கம்பெனிக் கணக்கு ஓடிட் நடக்குது அண்ணே" என்றாள். அம்மா இன்னும் தேயிலை மலைக்குப் போகிறார். அப்போதைய நாள் சம்பளம் 1,350 என்று வைத்தால், 78,500 ரூபாய்க்கு 58 நாளுக்கு மேல் கொழுந்தெடுக்க வேண்டும். அதையும் யோசித்துத்தான் கட்டினேன்.

பதினாறு நாள் கழித்துக் கூரியரில் ஒரு பொலித்தீன் பை வந்தது. உள்ளே ஸ்பொஞ்சு ஒட்டிய பிளாஸ்டிக் தொப்பி, தாடைக்குக் கீழே ஒரு பட்டி. ஸ்டிக்கரை அரைகுறையாகக் கிழித்திருந்தார்கள். மிச்சத்தில் '6–36 மாதம்' என்று இருந்தது. என் மகன் தலையை அளந்து செய்த சாமானாம்! நடை பழகும் பிள்ளை விழுந்தால் அடிபடாமல் இருக்கப் போடுவார்களே, அந்தத் தொப்பி. பிறகு தேடியதில் வேறொரு ஒன்லைன் கடையில் அதே சாமான் 2,850 ரூபாய்க்குக் கிடந்தது.

இருந்தாலும் போட்டோம். காசு போன பிறகு நம்பத்தானே தோன்றும்? ஒன்பது நாள் போட்டோம். இந்தக் குளிரிலும் பிள்ளைக்குத் தலை வியர்த்து ஊறியது, கழுத்தெல்லாம் பருப்பருவாக வந்தது. வலது காதுக்குப் பின்னால் சிவந்த தழும்பு ஒன்று விழுந்தது, கழற்றி இரண்டு மணி நேரமாகியும் போகவில்லை. படம் எடுத்து அனுப்பினேன். "அது வேலை செய்யுதுன்னு அர்த்தம் அண்ணே, கழட்டிறாதீங்க" என்றாள். இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. காசைத் தின்றாய், தின்னு. பிள்ளை வலியில் கத்தும்போது கழற்றாதே என்று சொல்ல எப்படி வாய் வந்தது?

ஆறாம் மாத ஊசிக்கு கிளினிக் போனபோது டொக்டர் அந்தத் தொப்பியைப் பார்த்துவிட்டு முதலில் ஒன்றும் பேசவில்லை. சிங்கள டொக்டர், தமிழ் நன்றாகப் பேசுவார். கழற்றினார், உச்சிக்குழியைத் தொட்டார், எலும்புகள் சேரும் கோடுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார், சுற்றளவை அளந்து கொப்பியில் குறித்தார். பிறகு பிள்ளையின் தலையை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பினார். வலப்பக்கம் சுலபமாகத் திரும்பியது. இடப்பக்கம் பாதியில் நின்றது.

"வீட்டுல கதவு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், எங்கள் காம்பராவுக்கு (அறைக்கு) வெளிச்சம் வருவது முன்கதவு வழியாக மட்டும்தான். கட்டிலில் பிள்ளையைப் படுக்கப் போட்டால் கதவு அவனுக்கு வலப்பக்கம். ஆறு மாதமாக அவன் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறான். அந்தப் பக்கமே திரும்பித் திரும்பி இடப்பக்கம் திரும்பும் பழக்கமே போய்விட்டது. தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிப் போடச் சொன்னார். அவ்வளவுதான். பிசியோவுக்கு ஒரு துண்டு எழுதித் தந்தார். விழித்திருக்கும்போது கண்முன்னாலேயே குப்புறப் போடுங்கள், ஆனால் தூங்க வைப்பது எப்போதும் மல்லாக்கத்தான், தலை தட்டையாகும் என்று பயந்து குப்புறத் தூங்க வைத்துவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். மல்லாக்கப் படுக்க வைக்கும்படி 1992இல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர்கள் சொல்ல ஆரம்பித்த பிறகு தூக்கத்தில் பிள்ளைகள் இறப்பது நன்றாகக் குறைந்ததாம். தட்டைத் தலை கூடியதும் அதற்குப் பிறகுதானாம். தலை தட்டையானாலும் பரவாயில்லை, உயிர்தான் முக்கியம் என்று அவர் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது.

நிஜ ஹெல்மட் பற்றியும் அவரிடமே கேட்டேன். அது பொய்யான சாமான் இல்லை. அமெரிக்காவில் 1998இலேயே மருத்துவச் சாதனமாக வகைப்படுத்தி, 3 முதல் 18 மாதப் பிள்ளைகளுக்கு என்று வயதும் வகுத்திருக்கிறார்கள். தலையை ஸ்கேன் செய்தோ அச்செடுத்தோ, அந்த ஒரு பிள்ளைக்கென்று செய்வார்கள். புடைத்த இடத்தில் தொட்டுக்கொண்டிருக்கும், தட்டையான இடத்தில் வெற்றிடம் இருக்கும், வளரும் தலை அந்த வெற்றிடத்தை நிரப்பும். ஒரு நாளைக்கு 23 மணி நேரம், மாதக் கணக்கில் போட வேண்டும், இடையிடையே கூட்டிப்போய் உள்ளே செதுக்கிச் சரிபார்க்க வேண்டும். எங்களுக்கு வந்தது சுற்றிவர ஒரே மாதிரி அழுத்தியது. வேகமாக வளரும் தலையை நாலா பக்கமும் இறுக்கிப் பிடித்தால் என்ன ஆகும் என்று டொக்டர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதைவிடப் பயமுறுத்தியது இன்னொன்று. சில பிள்ளைகளுக்கு மண்டை எலும்புகள் முன்கூட்டியே ஒட்டிக்கொள்வதாலும் தலை கோணுமாம். அதற்கு ஆபரேஷன் தேவைப்படும். வெறும் ஹெல்மட்டை மாட்டிக்கொண்டு காலத்தைப் போக்கினால் மூளைக்கே ஆபத்து. கையால் தடவிப் பார்த்துத்தான் அவர் என் மகனுக்கு அது இல்லை என்றார். சந்தேகம் இருந்தால் பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்குக் கடிதம் தந்திருப்பாராம். அந்தக் கடைக்காரி எதைத் தடவிப் பார்த்தாள்?

வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படித்தேன். முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. நெதர்லாந்தில் 84 பிள்ளைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2014இல் வந்திருக்கிறது. ஐந்தாறு மாதத்தில் ஒரு பாதிப் பிள்ளைகளுக்கு ஹெல்மட், மறு பாதிக்கு ஒன்றும் இல்லை. இரண்டு வயதில் பார்த்தால் முழுதாகச் சரியானது ஹெல்மட் போட்டவர்களில் நூற்றுக்கு 26, போடாதவர்களில் 23. பெரிய வித்தியாசம் இல்லை. அந்த ஆய்வில் ஹெல்மட் சரியாகப் பொருந்தவில்லை என்று குறை சொல்கிறவர்களும் உண்டு, கழுத்து இறுகிய பிள்ளைகளை அதில் சேர்க்கவும் இல்லை. ஆனால் நான் அளந்து செய்த ஹெல்மட்டுக்கா 78,500 ரூபாய் கொடுத்தேன்?

காசைத் திருப்பிக் கேட்ட கதை சின்னதுதான். முதல் நாள், "மேடம் லீவு." அடுத்த வாரம், "போயா அண்ணே, பேங்க் இல்லை." பிறகு, "உடம்பில் படும் சாமான், சுகாதாரக் காரணத்தால் திருப்பி எடுக்க மாட்டோம்." அண்ணே போய் 'சேர்' ஆகிவிட்டேன். பில் கேட்டேன், பி.டி.எஃப். அனுப்புகிறோம் என்றார்கள், வரவில்லை. டொக்டர் சொன்னதைச் சொன்னதும், "அப்ப டொக்டர்கிட்டயே காசைக் கேளுங்க" என்று ஓர் ஆண் குரல். பிறகு நீலக் கோடு மட்டும். பிறகு அதுவும் இல்லை. மனைவியின் போனிலிருந்து எடுத்தேன், ஒரு தடவை மணி அடித்தது, அதையும் புளொக் பண்ணிவிட்டார்கள். பொலிஸுக்குப் போனால், கணக்குக்காரரின் பெயரும் வங்கித் துண்டும் வேண்டும் என்றார்கள், அவை இருக்கின்றன, கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற நம்பரில் அழைத்துச் சொன்னேன், எழுத்தில் அனுப்பச் சொன்னார்கள், இன்று அனுப்புவேன்.

வரிசையாகச் சொல்கிறேன் என்றேன், மண்டை ஓடவில்லை. தோன்றுவதைச் சொல்கிறேன். படத்தைப் பார்த்து அளவு சொல்கிறவனிடம் எதையும் வாங்காதீங்க. தனி ஆள் கணக்குக்குக் காசு போடாதீங்க, யார் "அண்ணே" என்றாலும் சரி. பிள்ளையை முதலில் கிளினிக்கில் காட்டுங்க. தலையை உருட்டும் தலையணை என்று ஒன்றும் விற்கிறார்கள், அதுவும் வேண்டாம், மூச்சு முட்டும் ஆபத்து என்று 2022இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமே எச்சரித்திருக்கிறது. பிள்ளையின் படத்தை முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பாதீங்க, என் மகன் படம் எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

கட்டிலைத் திருப்பிப் போட்டு மூன்று வாரம். கழுத்து இப்போது இடப்பக்கமும் திரும்புகிறது. வளையல் இன்னும் அடகில் இருக்கிறது.

பச்சைச் சேலைக் கரையோடு அந்த விளம்பரம் உங்கள் போனில் வந்தால் ரிப்போர்ட் அடித்துவிடுங்கள். எட்டரை ஆகிவிட்டது, நான் கடை திறக்கப் போகணும்.