படிவப் பதில்களை விரிதாளில் திரட்டுவது: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

பயிற்சி வகுப்புகள் முடிந்ததும் கலந்துகொண்டவர்களிடம் கருத்துக் கேட்டுத் தொகுப்பது என் பணிகளுள் ஒன்று. காகிதப் படிவங்களைக் கைவிட்டு, கூகுள் ஃபார்ம்ஸில் கேள்விகளை அமைத்து, பதில்களைக் கூகுள் ஷீட்ஸ் விரிதாளில் சேர்க்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்த இணைப்பை அமைப்பது எப்படி என்று சொல்லும் குறிப்புகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. தொடர்ந்து பயன்படுத்தும்போது மட்டுமே தெரியவரும் சில தன்மைகளைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை என்பதால் அவற்றை இங்கே பதிவு செய்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: சில ஆயிரம் பதில்கள் வரையிலான கருத்துத் திரட்டலுக்கு இந்த ஏற்பாடு முற்றிலும் போதுமானது. பதில்கள் வந்து சேரும் தாளில் யாரும் கைவைக்கக் கூடாது என்ற ஒழுங்கைக் கடைப்பிடிப்பவர்களுக்கு மட்டுமே அது நம்பகமாகவும் இருக்கும்.

2008ஆம் ஆண்டில் அறிமுகமானபோது இந்தப் படிவ வசதி விரிதாளின் ஓர் அங்கமாகவே இருந்தது. அந்த நெருக்கம் இன்றும் தெரிகிறது. படிவத்தின் பதில்கள் பகுதியில் உள்ள விரிதாள் குறியை அழுத்தினால் போதும், ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நெடுவரிசை, ஒவ்வொரு பதிலாளருக்கும் ஒரு வரிசை என்று தாள் தயாராகிவிடும். முதல் நெடுவரிசையில் பதில் வந்த நாளும் நேரமும் பதிவாகும். அந்த நேரம் விரிதாளின் நேர மண்டல அமைப்பைப் பின்பற்றுவது என்பதால், தொடங்கும்போதே அமைப்புகளுக்குள் சென்று அதைச் சரிபார்த்துவிடுவது நல்லது. காலை வகுப்பின் கருத்துகளையும் மாலை வகுப்பின் கருத்துகளையும் நேரத்தை வைத்துப் பிரிக்க நினைப்பவர்களுக்கு இது மிகவும் முக்கியம்.

ஒரு புதிய பதில் வரும்போது விரிதாள் அதை ஏற்கெனவே காலியாக இருக்கும் வரிசையில் நிரப்புவதில்லை. கடைசிப் பதிலுக்கு அடுத்தபடியாக ஒரு புதிய வரிசையை நுழைத்து அதில் எழுதுகிறது. பெரும்பாலான குழப்பங்களுக்கு மூலம் இதுதான். பதில்களுக்குப் பக்கத்தில் ஒரு சூத்திரத்தை எழுதி, இனி வரப்போகும் பதில்களுக்கும் பயன்படட்டும் என்று அதைக் கீழே வரை இழுத்து வைத்தால், புதிய வரிசைகள் நுழைய நுழைய அந்தச் சூத்திரங்கள் கீழே தள்ளப்பட்டுக்கொண்டே போகும். வந்த பதில்களுக்கு எதிரே கட்டங்கள் வெறுமையாக இருக்கும். வேறு தாளிலிருந்து இன்ன வரிசையின் கட்டம் என்று குறிப்பிட்டு எழுதிய சுட்டுகளும் இதே காரணத்தால் நகர்ந்துவிடும். இதற்குத் தீர்வு எளியது. தலைப்பு வரிசையில் ஒரே ஓர் அர்ரேஃபார்முலாவை (பல கட்டங்களுக்கு ஒரேயடியாக விடை தரும் சூத்திரம்) எழுதினால் அது நெடுவரிசை முழுவதற்கும் பொருந்தும். அதைவிடச் சிறந்தது, கணக்கீடுகள் அனைத்தையும் தனித் தாளுக்கு மாற்றி, அங்கிருந்து முழு நெடுவரிசைகளையும் சுட்டிப் பயன்படுத்துவது. நான் இரண்டாவது முறையையே பின்பற்றுகிறேன்.

தனித் தாளுக்கு மாறியவர்களுக்கும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. குவெரி அல்லது ஃபில்டர் சூத்திரத்தின் மூலம் பதில்களை வேறு தாளில் வரவழைத்து, அவற்றுக்குப் பக்கத்தில் கையால் குறிப்பு எழுதுவது பலருடைய வழக்கம். பின்வரிசையில் இருந்தவருக்கு ஒலி சரியாகக் கேட்கவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு எதிரே ‘கூடுதல் ஒலிபெருக்கிக்கு ஏற்பாடு செய்யப்பட்டது’ என்று குறிப்பு எழுதுகிறோம். புதிய பதில்கள் மேலே வருமாறு சூத்திரம் அமைந்திருந்தால், அடுத்த பதில் வந்தவுடன் ஒலி பற்றிய கருத்து ஒரு வரிசை கீழே இறங்கும். குறிப்பு இருந்த இடத்திலேயே நின்றுவிடும். இப்போது ஒலிபெருக்கிக் குறிப்பு, தேநீர் இடைவேளை போதவில்லை என்று எழுதிய வேறொருவருடைய கருத்துக்கு எதிரே நிற்கிறது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. சூத்திரத்தின் விளைவு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடப்படுகிறது, கையால் எழுதியது அதனுடன் கட்டப்பட்டதன்று என்பதே காரணம்.

ஆகவே, நடவடிக்கைக் குறிப்புகளுக்கு மட்டும் பதில் தாளின் வலது ஓரத்தில், படிவத்துக்குத் தொடர்பில்லாத ஒரு நெடுவரிசையை ஒதுக்கியிருக்கிறேன். அந்தத் தாளில் கையால் எழுத நான் அனுமதிக்கும் ஒரே இடம் அதுதான். தாளை வரிசைப்படுத்தினால்கூட அந்தக் குறிப்பு தனக்குரிய பதிலுடனேயே நகரும். மற்றவர்கள் தங்கள் வசதிக்கேற்ப வடிகட்டிப் பார்க்க விரும்பினால் வடிகட்டிக் காட்சிகளைப் பயன்படுத்தச் சொல்கிறேன். ஒருவருடைய காட்சி மற்றவருடைய தாளைக் கலைப்பதில்லை.

குவெரி பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு நெடுவரிசையில் எண்களும் எழுத்துகளும் கலந்திருந்தால், எது பெரும்பான்மையோ அந்த வகையை மட்டுமே அது ஏற்றுக்கொண்டு மற்றதை வெற்றுக் கட்டமாகக் கருதுகிறது. எத்தனை ஆண்டு அனுபவம் என்ற கேள்விக்குப் பலர் 8 என்றும், சிலர் ‘8 ஆண்டுகள்’ என்றும் எழுதினால், அந்தச் சிலருடைய விடைகள் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். படிவத்திலேயே பதில் சரிபார்ப்பு வசதியை இயக்கி, எண் மட்டுமே ஏற்கப்படும் என்று அமைப்பது இதைத் தடுக்கும். விருப்பத் தெரிவுகளை 1-3, 4-6 என்று எழுதுவதையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் விரிதாள் அவற்றைத் தேதியாக எடுத்துக்கொள்ளக் கூடும். ‘1 முதல் 3 ஆண்டுகள்’ என்று முழுமையாக எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

பல விடைகளைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில், தேர்ந்தெடுத்தவை அனைத்தும் காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு ஒரே கட்டத்தில் வந்து சேரும். ஸ்ப்ளிட் சூத்திரத்தால் அவற்றைப் பிரிக்கலாம். தெரிவின் வாசகத்துக்குள்ளேயே காற்புள்ளி இருந்தால் ஒரு தெரிவு இரண்டாக உடையும். எனவே தெரிவுகளில் காற்புள்ளி இடுவதில்லை என்பது எங்கள் குழுவில் எழுதப்படாத விதி.

மதிப்பெண் கேள்விகளை விரிதாள் மிக எளிதாகக் கணக்கிட்டுத் தந்துவிடுகிறது என்பதே எனக்குக் கவலை தரும் விஷயம். ஐந்து படி அளவுகோல், அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் வெளியிட்ட முறையின் வழிவந்தது. அதில் 4க்கும் 5க்கும் உள்ள தொலைவு, 2க்கும் 3க்கும் உள்ள தொலைவுக்குச் சமம் என்று யாரும் உறுதி கூற முடியாது. சராசரி 3 என்றால் எல்லோரும் 3 கொடுத்திருக்கலாம். பாதிப் பேர் 5உம் பாதிப் பேர் 1உம் கொடுத்திருக்கலாம். முதலாவது மந்தமான வகுப்பு. இரண்டாவது, ஒரு சாராரை முற்றிலும் கைவிட்ட வகுப்பு. ஆகவே அறிக்கையில் சராசரியை மட்டும் தருவதை நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு மதிப்பெண்ணையும் எத்தனை பேர் கொடுத்தார்கள் என்பதைக் கவுண்ட்இஃப் கொண்டு எண்ணி, அந்தப் பரவலையே முதலில் வைக்கிறேன்.

எழுத்தில் வரும் கருத்துகளுக்கு இப்படிப்பட்ட குறுக்குவழி இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம். தமிழில் கேட்டால் சிலர் தமிழ் எழுத்தில் எழுதுகிறார்கள், சிலர் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுகிறார்கள், சிலர் இரண்டையும் கலக்கிறார்கள். ‘வேகம்’ என்ற சொல்லைத் தேடினால், ‘கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்’ என்று எழுதியவர் கணக்கில் வரமாட்டார், ஆனால் ‘வேகம் அதிகம்’ என்று எழுதியவரும் அவரும் சொல்வது ஒன்றே. ஒவ்வொன்றையும் படித்து, தனித் தாளில் நேர அடையாளத்துடன் சேர்த்து வேகம், ஒலி, பாடப்பொருள் என்று வகைக்குறி இடுகிறேன். நேரம் பிடிக்கும் வேலைதான். ஒருவர் தன் நேரத்தைச் செலவிட்டு எழுதியதை வாசிக்கவே மாட்டோம் என்றால் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது.

தமிழ்ப் பதில்களை வெளியே எடுப்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு: சிஎஸ்வி கோப்பாக (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த வெற்று உரைக் கோப்பு) இறக்கி, இருமுறை சொடுக்கி எக்ஸெலில் திறந்தால் எழுத்துகள் சிதைந்து தோன்றக் கூடும். எக்ஸெல் வடிவிலேயே இறக்கிக்கொள்ளலாம். அல்லது எக்ஸெலின் தரவு இறக்குமதி வழியாகச் சென்று யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

படிவம் புழக்கத்தில் இருக்கும்போது கேள்வியை மாற்றுவது ஆபத்தானது. கேள்வியின் வாசகத்தைத் திருத்தினால் நெடுவரிசையின் தலைப்பும் மாறிவிடும். பழைய கேள்விக்கு வந்த விடைகளும் புதிய தலைப்பின் கீழேயே நிற்கும். எந்த வரிசை வரை பழைய கேள்வி என்று தாளைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. பொருள் மாறும்படி திருத்த வேண்டியிருந்தால் புதிய கேள்வியாகவே சேர்க்க வேண்டும். மாறாக, தாள் எப்படியாவது பழுதாகிவிட்டால் பதற வேண்டியதில்லை. பதில்களின் மூலப் பிரதி படிவத்துக்குள் தனியாக இருக்கிறது. இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைத்தால், இருக்கும் பதில்கள் அனைத்தும் புதிய தாளில் வந்து இறங்கும். இந்த ஏற்பாட்டில் நான் மிகவும் மதிக்கும் அம்சம் இது.

அளவைப் பொறுத்தவரை, ஒரு விரிதாளில் 1 கோடி கட்டங்கள் வரை இடம் உண்டு. கருத்துத் திரட்டலில் அந்த வரம்பை எட்டுவது அரிது; கனமான சூத்திரங்களால் தாள் மந்தமாவதுதான் முதலில் உணரப்படும்.

பகிர்வில் மிகுந்த கவனம் தேவை. பெயரும் மின்னஞ்சலும் உள்ள நெடுவரிசைகளை மறைத்துவிட்டுத் தாளைப் பகிர்வது பாதுகாப்பு ஆகாது. பார்வையாளர் தாளைப் பிரதி எடுத்தால் மறைத்ததைத் திறந்து பார்க்க முடியும். இம்போர்ட்ரேஞ்ச் சூத்திரத்தின் மூலம் வேறு விரிதாளுக்குச் சில நெடுவரிசைகளை மட்டும் அனுப்பினாலும், அந்த விரிதாளைத் திருத்தும் உரிமை உள்ளவர்கள் மூலத்தின் மற்றப் பகுதிகளையும் வரவழைத்துக்கொள்ள இயலும். அறிக்கை கேட்பவர்களுக்கு மதிப்புகளாக மட்டும் ஒட்டிய தனிக் கோப்பையே நான் தருகிறேன். தொகுப்பு முடிந்ததும் படிவத்தை மூடிவிட்டு, அடையாள விவரங்கள் நீக்கிய பிரதியை மட்டும் வைத்துக்கொள்கிறேன். தாளில் ஒரு வரிசையை நீக்கினால் படிவத்தில் உள்ள பதில் நீங்குவதில்லை, படிவத்தில் நீக்கினாலும் தாளில் உள்ளது அப்படியே இருக்கும் என்பதால், தன் கருத்தை அழித்துவிடும்படி ஒருவர் கேட்டால் இரண்டு இடங்களிலும் அழித்த பிறகே அவருக்கு மறுமொழி அனுப்புகிறேன்.